பூ இருந்த இடம்

வெண்டல் கூல்மன் இறந்து ஆறு வருடம் ஆகிறது. ஒஹாயோவில் எங்கள் பக்கத்து ஊர்களில் அப்பா விட்டுப்போன போர்க்காலத் துப்பாக்கி ஒன்றாவது பரணில் இருக்கிற வீடுகளுக்கெல்லாம் அவரைத் தெரியும். சந்தைத் திடல் கூடத்தில் வருடத்துக்கு நான்கு தடவை துப்பாக்கிச் சந்தை கூடும். அங்கே வாசலிலிருந்து மூன்றாவது மேசை அவருடையது. அவர் எதையும் விற்கமாட்டார். ஒரு லென்ஸ், ஒரு பென்சில், ஒரு கட்டு வெள்ளை அட்டை, பழைய பனியன் துணி ஒன்று, அவ்வளவுதான் மேசையில் இருக்கும்.

சனங்கள் துப்பாக்கியைப் போர்வையில் சுற்றிக் கொண்டுவருவார்கள். அவர் துணியால் துடைத்துவிட்டு, இரும்பில் குத்தியிருக்கிற எண்ணையும் எழுத்தையும் முத்திரையையும் லென்ஸ் வழியாகப் பார்ப்பார். எந்த ஆலையில் செய்தது, எந்த வருடம், பட்டாளத்துக்குப் போனதா, போருக்கு அப்புறம் கடைக்காரர்கள் கப்பலில் இறக்கியதா என்று அட்டையில் எழுதிக் கொடுப்பார். ஒரு சமயம் ஒரு அம்மாள் ஒரு ஜெர்மன் கைத்துப்பாக்கியைக் கொண்டுவந்து, "எங்க அப்பா ஒரு ஜெனரல்கிட்டருந்து புடுங்கினது" என்றாள். வெண்டல் அடிப்பக்கத்து முத்திரையை நெடுநேரம் பார்த்தார். "ஜெனரல் இல்லம்மா. ரோட்டுல வண்டியை நிறுத்துறானே, அந்தப் போலீஸ்காரன்" என்றார். அந்த அம்மாள் முதலில் சிரித்தாள். பிறகு அட்டையை வாங்காமலே போய்விட்டாள்.

கடைசி மூன்று வருடம் அவரிடம் ஒரு பழக்கம் வந்திருந்தது. துப்பாக்கியைத் தொடுவதற்கு முன்னால் வந்தவரை வலது பக்கம் உட்காரவைத்து, "உங்க அப்பா என்ன சொன்னாரு, அதை முதல்ல சொல்லுங்க" என்பார். அவருக்கு இடது காது கேட்காது. சின்ன வயதில் சீழ் பிடித்துப் போன காது. அதனால்தான் கொரியப் போருக்கு அவரை எடுக்கவில்லை. கிழவருக்குப் பேச்சுத்துணை வேண்டியிருக்கிறது என்று சந்தையில் சொல்லிக்கொண்டார்கள். காரணம் அதுவல்ல. எனக்குத் தெரிந்ததை உள்ளபடி எழுதுகிறேன்.

நான் மேலன், மரவேலைக்காரன். நாங்கள் ஆமிஷ் என்கிற கிறிஸ்தவப் பிரிவுச் சனங்கள், கார் வைத்துக்கொள்வதில்லை, போருக்குப் போவதில்லை. இலையுதிர்காலத்தில் மான் வேட்டைக்கு மட்டும் துப்பாக்கி எடுப்போம். விரிசல் விட்ட துப்பாக்கி மரக்கட்டைகளை ஒட்டிக்கொடுப்பதும் என் பட்டறையில் ஒரு வேலை. வெண்டல் செங்கல் ஆலையில் சாணை பிடித்து ஓய்வு பெற்றவர். என் இழைப்பு இயந்திரத்துக் கத்திகளை அவர்தான் தீட்டித் தருவார். மாதம் ஒரு முறையாவது குதிரைவண்டியைப் பூட்டிக்கொண்டு அவர் கொட்டகைக்குப் போவேன். அங்கே இரும்பைக் கவ்விப் பிடிக்கிற வைஸ் ஒன்று, அவருடைய தகப்பனார் காலத்தது, மேசையில் இறுக்கியிருந்தது. அதன் தாடையில் ஒரு மூலை உடைந்திருக்கும். அந்தப் பக்கத்தில் இரண்டு வரிசைப் பல் கிடையாது. கத்தியில் தடம் விழக்கூடாது என்று அவர் தோலை மடித்து வைத்துத்தான் கடிக்கவிடுவார். ஒரு தரம் மறந்துபோய் என் கத்தியில் அந்தத் தடம் விழுந்துவிட்டது. "நான் பொறந்த வருசம் எங்கப்பன் டிராக்டர் ஆணியை இதுல வச்சு அடிச்சு மூலையைப் பேத்துட்டாரு. எங்க வீட்டுக் கையெழுத்து மாதிரி ஆயிடுச்சு" என்று அப்போது சொன்னார்.

அவருக்கு எட்டு வயது மூத்த அண்ணன் ஒருவர், ஓரின். பிலிப்பைன்ஸில் ஜப்பானியரோடு சண்டை போட்டவர். ஓரினுடைய மகள் மார்லிஸ் பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறாள். மற்ற நேரத்தில் எங்கள் சனங்களை ஆஸ்பத்திரிக்கும் கல்யாணங்களுக்கும் தன் வேனில் கூட்டிப்போவாள். என் மனைவி லொவினாவுக்கு நாலாவது பிரசவ வலி வந்தபோது பனியில் அறுபது மைல் ஓட்டினவள் அவள்தான். அந்த மார்லிஸும் வெண்டலும் இரண்டு மைல் இடைவெளியில் இருந்துகொண்டு முப்பத்தொரு வருடம் பேசிக்கொள்ளவில்லை. வேனில் போகும்போது வெண்டல் வீடு வந்தால் அவள் ரேடியோவைச் சத்தமாக வைப்பாள்.

இரண்டாயிரத்து நாலாம் வருடம் செப்டம்பரில் அவள் ஒரு நீளப் பெட்டியோடு என் பட்டறைக்கு வந்தாள். உள்ளே ஒரு ஜப்பானிய ரைஃபிள்.

"அப்பாவோடது. முன்கட்டை விட்டுடுச்சு. அவரே ஒட்டினது."

கட்டையின் முன்பகுதியில், இரும்புப் பட்டைக்குக் கீழே, ரம்பத்தால் நேராக அறுத்த வெட்டு ஒன்று இருந்தது. ஐம்பத்தெட்டு வருடத்துப் பசை உதிர்ந்து கட்டை இரண்டாகக் கழன்றிருந்தது. பட்டாளத்துப் பையில் நுழைய வேண்டுமென்று கப்பலில் வைத்துக் கட்டையை அறுப்பார்களாம். நான் அதைத் தடவிப்பார்த்து, "வெட்டே தெரியாம ஒட்டிடலாம்" என்றேன்.

"தெரியணும் மேலன். அவர் அறுத்தது தெரியணும்" என்றாள். பிறகு, "இது இங்க இருக்கறது எங்க சித்தப்பாவுக்குத் தெரியக்கூடாது. வாக்குக் குடுங்க" என்றாள்.

கொடுத்தேன்.

பெட்டியின் மூடியில் ஒரு வெள்ளை அட்டை செருகியிருந்தது. பழுத்து மஞ்சளாகிவிட்டது. பென்சில் எழுத்து யாருடையது என்று எனக்குப் பார்த்ததுமே தெரிந்தது. 'பூ தேய்க்கப்பட்டது. சரணடைந்த பின் கொடுத்த ஆயுதம். சண்டையில் எடுத்ததல்ல. வெ. கூல்மன், 1973.'

அவளே சொன்னாள். அந்தத் துப்பாக்கிகளின் இரும்பு நெற்றியில், தோட்டா நுழைகிற இடத்துக்கு மேலே, ஜப்பானியப் பேரரசருடைய முத்திரை இருக்கும், பதினாறு இதழ் செவ்வந்திப் பூ. போர் முடிந்து ஆயுதங்களைக் குவித்து ஒப்படைத்தபோது பேரரசரின் பூ அன்னியன் கைக்குப் போகக்கூடாது என்று தேய்த்துவிட்டுத்தான் கொடுத்தார்களாம். அதனால் பூ இருந்தால் சண்டையில் கிடைத்தது, இல்லாவிட்டால் குவியலில் எடுத்தது. சந்தையில் பச்சைக்குழந்தைக்கும் தெரிந்த கணக்கு இது. ஓரின் தன் சண்டையைப் பற்றி வாழ்நாளில் ஒரே ஒரு கதைதான் சொல்லியிருக்கிறார். ஒரு ஓடையில் தண்ணீர் மொள்ளக் குனிந்தபோது எதிர்க்கரையில் தன் வயதுள்ள ஒருவன் குனிந்திருந்தான், இருவரும் ஒரே சமயத்தில் நிமிர்ந்தார்கள், தான் முந்திச் சுட்டுவிட்டார், இது அவனுடைய துப்பாக்கி என்பது. அதையும் நன்றி செலுத்தும் பண்டிகைச் சாப்பாட்டில் ஒரு தடவை சொல்லிவிட்டு, எழுந்து போய் மாட்டுக்குத் தண்ணீர் காட்டினாராம்.

"கூட்டாளிங்க இழுத்துக்கிட்டுப் போனதாலதான் அப்பா சந்தைக்கே போனாரு. எனக்கு அப்ப இருபத்தோரு வயசு, கூடவே நின்னேன். சித்தப்பா பார்த்தாரு, சத்தமா படிச்சாரு. 'குவியல்ல பொறுக்கினது'ன்னாரு. அத்தனை பேரும் சிரிச்சாங்க. ஒருத்தன், 'ஓடைக்கரையில பொறுக்கினியா ஓரின்'னு கேட்டான். அப்பா குனிஞ்சு சித்தப்பாகிட்ட என்னமோ சொன்னாரு. சித்தப்பா திரும்பிக்கூடப் பாக்கல. அட்டையை எழுதி நீட்டினாரு. அப்பா அதை வாங்கிப் பையில வச்சுக்கிட்டாரு."

"அப்புறம்?"

"அப்புறம் ஒண்ணும் இல்ல. பதினெட்டு வருசம் உயிரோட இருந்தாரு. அந்த ஓடையை மறுபடி சொல்லல."

நான் வேலையைத் தொடங்க அடுத்த வாரம் ஆயிற்று. கட்டையை ஒட்டுவதற்கு இரும்பை முழுதாகக் கழற்ற வேண்டும். இரண்டு திருகாணியையும் கழற்றிவிட்டு இரும்பை மேலே தூக்கினேன். மரத்துக்குள் புதைந்திருந்த இரண்டு பக்கத்திலும் லேசான துரு. துரு எடுக்கிற கம்பிநாரை எடுத்துத் தேய்க்கப் போனேன். துருவுக்கு அடியில் வரிசை வரிசையாகச் சதுரப் பற்கள் கடித்த தடம் இருந்தது. வைஸ் கடித்தது. அதில் அதிசயம் இல்லை. ஆனால் ஒரு பக்கத்தில் தடம் மூலைக்குப் போகுமுன் நின்றுவிட்டது. அங்கே இரண்டு வரிசை இல்லை.

நான் கம்பிநாரைக் கீழே வைத்துவிட்டேன். என் இழைப்புக் கத்தியை எடுத்துவந்து பக்கத்தில் வைத்தேன். அதே பல், அதே இடைவெளி, அதே மூலை.

இந்தத் துப்பாக்கியை யாரோ கட்டையிலிருந்து கழற்றி கூல்மன் வீட்டுக் கொட்டகையில் வைஸில் இறுக்கியிருக்கிறார்கள். அப்படி இறுக்கினால் மேலே நிற்பது பூ இருந்த இடம்தான்.

அன்றைக்கு மாலை ஜெபத்தில் என் மனம் நிற்கவில்லை. வெண்டலிடம் சொல்வதற்கு எனக்கு வாக்கு தடையாக இருந்தது. ஆகவே மறுநாள் மார்லிஸ் பஸ் ஓட்டி முடித்து வரும் நேரத்துக்குச் சாலையில் போய் நின்றேன். பட்டறைக்குக் கூட்டிவந்து இரண்டையும் காட்டினேன். அவள் இரும்பின் மேல் விரலை வைத்தாள். வெகுநேரம் எடுக்கவில்லை.

"அப்ப வீட்டுக்கு வந்தப்ப பூ இருந்துச்சுங்கிறீங்க."

"எனக்கு மரம்தான் தெரியும் மார்லிஸ். இரும்பு தெரிஞ்சவர் அவர்தான்."

"சரி. அவரே வந்து பாக்கட்டும். நான் கூட இருப்பேன். ஆனா நான் பேசமாட்டேன்."

நான் போய் வெண்டலிடம், "உங்க வைஸோட உடைஞ்ச தாடையைக் கழட்டி எடுத்துக்கிட்டு வாங்க. லென்ஸும் வேணும்" என்று மட்டும் சொன்னேன்.

"என்னப்பா, வைஸுக்குக் கல்யாணமா" என்று கேட்டுக்கொண்டே இரண்டு திருகாணியையும் கழற்றினார்.

என் பட்டறை வாசலில் மார்லிஸின் வேனைப் பார்த்ததும் அவர் பேச்சு நின்றுவிட்டது. உள்ளே அவள் அடுப்புப் பக்கம் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். மேசையில் ரைஃபிளின் இரும்பு தனியாகக் கிடந்தது. அவர் அவளுக்குத் தலையை அசைத்தார். அவள் அசைக்கவில்லை.

அவர் தடத்தைப் பார்த்தார். தாடையைப் பையிலிருந்து எடுத்து அதன் மேல் வைத்தார். பல் பல்லுக்குள் உட்கார்ந்தது. கையை எடுத்தபோதும் தாடை சரியவில்லை.

பிறகு லென்ஸை எடுத்து நெற்றியைப் பார்த்தார், பூ இருந்த இடத்தை. நான் அவர் பார்ப்பதை எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். அன்றைக்கு ஆன நேரம் போல் என்றைக்கும் ஆனதில்லை.

"இது சாணைச் சக்கரம் இல்ல. அரம். கையால ராவினது." பென்சில் முனையால் காட்டினார். "கோடு இந்தப் பக்கமா சாயுது பாரு. இடது கைக்காரன்."

ஓரின் இடது கைக்காரர். அது எனக்குத் தெரியாது, அடுப்புப் பக்கம் நின்றவளுக்குத் தெரியும்.

வெண்டல் பலகை அறுக்க முட்டுக்கொடுக்கிற மரக்குதிரை மேல் உட்கார்ந்தார். "நாப்பத்தாறு, பிப்ரவரி" என்றார். "ஞாயித்துக்கிழமை. எல்லாரும் ஆராதனைக்குப் போயிட்டாங்க. எனக்குக் காதுவலி, படுத்திருந்தேன். நல்ல காது மேல இருந்துச்சு. கொட்டகையில அரம் ஓடுற சத்தம். அம்மா திரும்பி வர்ற வரைக்கும் ஓடுச்சு. ஓய்வுநாள்ல என்னடா வேலைன்னு அம்மா கேட்டாங்க. களைக்கொத்து தீட்டினேன்னான் ஓரின். முழங்கால் அளவு பனி வெளிய. நான் சிரிச்சேன். பனியில எதைக் கொத்தப்போற, ஸ்னோமேனையான்னு."

அடுப்பில் கட்டை ஒன்று சரிந்தது.

"எழுபத்து மூணுல இந்த லென்ஸ் என் சட்டைப் பையிலதான் இருந்துச்சு. எடுக்கவே இல்ல. பூ இல்லன்னு பாத்தேன், போதும்னு விட்டுட்டேன். யார் துப்பாக்கின்னு தெரியாமலா படிச்சேன். தெரியும்."

"இரும்பு சொல்றதைத்தானே சொன்னீங்க" என்றேன். அவருக்கு ஆறுதலாக இருக்கட்டும் என்று சொன்னேன். முப்பது வருடமாக அவர் எல்லோரிடமும் சொல்லிவந்த சொல்தான் அது.

"அப்படித்தான் சொல்லிக்கிட்டிருந்தேன் மேலன். ஆனா அது சொன்னதுல எனக்குச் சந்தோசம் இருந்துச்சு. போர்னு ஒண்ணு வந்தப்ப என்னை வேணாம்னுட்டாங்க. அவன் போனான், வந்தான். வீட்டுல, சர்ச்சில, எங்கயும் ஓரின் ஓரின்னே இருந்துச்சு. அவனோ வாயே தெறக்கமாட்டான். அன்னிக்கு ஒரு நிமிசம், அவனும் நானும் ஒண்ணுதான்னு ஆச்சு பாரு. அதுக்காக நான் லென்ஸை எடுக்கல."

பேசமாட்டேன் என்றிருந்த மார்லிஸ் அப்போதுதான் பேசினாள்.

"ஏன் சித்தப்பா ராவினாரு?"

"தெரியலம்மா. நீ கேட்டதில்லையா?"

"கேக்க முடியாதபடி நீங்க பண்ணிட்டீங்களே. அவர் குனிஞ்சு உங்ககிட்ட சொன்னப்பவும் நீங்க திரும்பல."

அவர் தலையை ஆட்டினார். "அந்த அட்டையைக் குடு. வேற எழுதறேன்" என்றார்.

"வேற எழுதுங்க. அது கிடைக்காது. அப்பா கிழிக்கல, பத்திரமா வச்சிருந்தாரு. அது பெட்டியிலயேதான் இருக்கும்."

அவர் என் மேசையிலேயே புது அட்டை எழுதினார். இரண்டு அட்டை வீணாயிற்று. 'பூ கையால் அரம் போட்டுத் தேய்க்கப்பட்டது. கூல்மன் வீட்டுக் கொட்டகை, பிப்ரவரி 1946. தேய்த்தவர் ஓரின் கூல்மன். துப்பாக்கி வீட்டுக்கு வரும்போது பூ இருந்தது. 1973இல் எழுதியது தவறு.' மார்லிஸ் வாங்கிப் படித்தாள். அவள் முகம் இளகவில்லை.

"இதை எங்கிட்ட குடுத்து என்ன பண்றது? எனக்கு எப்பவும் தெரியும். எங்க சொன்னீங்களோ அங்க போய்ச் சொல்லுங்க."

நவம்பர் சந்தைக்கு அவள் வேனில்தான் போனோம். நான் நடு இருக்கையில். வெண்டல் முன்னால் உட்கார்ந்து பெட்டியை மடியில் வைத்திருந்தார். அவர் வீட்டைத் தாண்டும்போது ரேடியோ போடவில்லை.

கூடம் நிரம்பியிருந்தது. வெண்டல் மேசையில் ரைஃபிளை வைத்தார், அட்டையை வைத்தார். பிறகு தொண்டையைக் கனைத்துக்கொண்டு எழுந்து நின்று சொல்ல ஆரம்பித்தார். அவர் சத்தமாகப் பேசுகிற மனிதர் அல்ல. பக்கத்து மேசையில் காய்ந்த மாட்டிறைச்சி விற்கிறவன் கைவேலையை நிறுத்தாமலே கேட்டுக்கொண்டிருந்தான். மான் வேட்டை உடுப்பில் நாலைந்து பேர் நின்றார்கள். எல்லாரும் முப்பது நாற்பது வயதுக்காரர்கள். அண்ணன், பூ, அரம், எழுபத்து மூன்று என்று அவர் ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல, அவர்கள் மரியாதைக்குத் தலையை ஆட்டினார்கள். அவர் தேடுகிற முகங்கள் எவை என்று எனக்குப் புரிந்தது. அன்றைக்குச் சிரித்தவர்கள். அவர்களில் பெரும்பாலோர் சர்ச்சுக்குப் பின்னால் கல்லுக்கடியில் கிடக்கிறார்கள். அவர்களுக்கு அவர் இனி எதையும் திருத்திச் சொல்ல முடியாது.

ஒருவன் ரைஃபிளைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "நல்ல கதை ஐயா. விலை சொல்லுங்க" என்றான்.

"இல்ல" என்றாள் மார்லிஸ். அவன் வைத்துவிட்டுப் போனான்.

வாசல் பக்கம் காபியும் பன்னும் விற்கிற ஹார்லி என்கிற கிழவர் மட்டும் நடைச்சட்டத்தைத் தள்ளிக்கொண்டு மெல்ல வந்தார். எண்பதுக்கு மேல் இருக்கும். அட்டையைக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்து முழுக்கப் படித்தார்.

"ஓரினா? ஓடைக்கரையில பொறுக்கினியான்னு கேட்டது நான்தான்" என்றார். மார்லிஸ் அவரைப் பார்த்தாள். அவர் அவளைப் பார்க்கவில்லை, யாரென்று தெரிந்திருக்காது. "வெண்டல், ஒண்ணு கேக்கறேன், கோவிச்சுக்காத. உண்மை அப்படின்னா அவன் ஏன் ஒரு வார்த்தை சொல்லல? வாய் இருந்துச்சுல்ல?"

வெண்டல் கையைத் தூக்கி இடது காதைத் தொட்டார்.

"சொன்னான் ஹார்லி. இந்தப் பக்கம் நின்னு சொன்னான்."